நியூ ஆர்லியன்ஸ் தெரு ஜாஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், மிசிசிப்பி ஆறு வளையும் இடத்தில் இருக்கிறது நியூ ஆர்லியன்ஸ். ஜாஸ் கேட்கத் தொடங்கிய தமிழ் ரசிகர்கள் அந்த நகரத்தைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பெரிய மேதைகளின் வாழ்க்கை வரலாறு எங்கும் கிடைக்கும். அந்த மேதைகளை உருவாக்கிய தெருக்கள், சங்கங்கள், தேவாலயங்கள், பள்ளிக்கூடங்கள் பற்றித்தான் இங்கே அதிகம் பேசப்போகிறேன்.

ஜாஸ் பிறந்தது நியூ ஆர்லியன்ஸில்தானா?

19ஆம் நூற்றாண்டு முடிந்து 20ஆம் நூற்றாண்டு தொடங்கிய காலத்தில், இந்த ஊரில்தான் அது உருப்பெற்றது. ஆனால் வேர் அதற்கும் முந்தையது. அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றுகூடிப் பறை கொட்டி ஆடிய திடல் ஒன்று, நகரின் பழைய கறுப்பினக் குடியிருப்பான ட்ரெமே பகுதியில் இருக்கிறது. 1817இல் நகர நிர்வாகம் அவர்களுடைய கூட்டங்களை ஒரே இடத்துக்குள் அடக்கியது. அந்த இடத்தைக் காங்கோ சதுக்கம் என்கிறார்கள். இன்று அது, இந்த ஊரில் பிறந்த டிரம்பெட் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங் பெயரிலான பூங்காவுக்குள் இருக்கிறது.

அதோடு ராணுவ பேண்டு வாத்தியங்கள், தேவாலயப் பாடல்கள், புளூஸ், ஐரோப்பிய முறையில் இசை கற்ற கிரியோல் (ஆப்பிரிக்க, ஐரோப்பியக் கலப்பு வம்சாவளி) குடும்பங்களின் தேர்ச்சி எல்லாம் சேர்ந்தன. டிரம்பெட் போன்ற கார்னெட்டை வாசித்த பட்டி போல்டனை முதல் ஜாஸ் நாயகன் என்று அந்த ஊர் கொண்டாடுகிறது. 1907இல் அவரை மனநலக் காப்பகத்தில் சேர்த்தார்கள். 1931இல் அங்கேயே இறந்தார். அவர் வாசித்ததில் ஒரு துளியும் பதிவாகக் கிடைக்கவில்லை. முதல் ஜாஸ் இசைத்தட்டு 1917இல் நியூயார்க்கில் பதிவானது. வாசித்தவர்கள் நியூ ஆர்லியன்ஸிலிருந்து போன வெள்ளையர்கள். அந்த இசைத்தட்டையே ஜாஸின் தொடக்கமாக வைத்து வரலாறு எழுதுகிறவர்களை நான் ஏற்பதில்லை. அதற்கு முன்பே ஒரு தலைமுறை கறுப்பின மக்கள் இந்த இசையைத் தெருவில் வாசித்து முடித்திருந்தார்கள்.

செகண்ட் லைன் என்கிறார்களே, அது என்ன?

இந்த ஊரின் இசையைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும் என்றால், அது இதுதான்.

ஊர்வலத்தின் முன்வரிசையில் அதை நடத்தும் சங்கத்தாரும் பேண்டு வாத்தியக்காரர்களும் வருவார்கள். அவர்களைப் பின்தொடர்ந்து ஆடிக்கொண்டே வரும் ஊர்மக்கள் இரண்டாம் வரிசை. நாளடைவில் ஊர்வலத்துக்கும், அந்த ஆட்டத்துக்கும், அதற்கான தாள நடைக்கும் செகண்ட் லைன் என்ற பெயரே நிலைத்துவிட்டது.

நடத்துகிறவர்கள் யார் என்பதுதான் முக்கியம். அரசாங்கமும் சுற்றுலாத் துறையும் இதை நடத்துவதில்லை. 'சோஷியல் எய்ட் அண்ட் பிளெஷர் கிளப்' எனப்படும் அக்கம்பக்கத்துச் சங்கங்கள் நடத்துகின்றன. கறுப்பின மக்களுக்குக் காப்பீடு விற்க நிறுவனங்கள் மறுத்த காலத்தில், மாதச் சந்தா கட்டி, உறுப்பினருக்கு நோய் வந்தால் மருத்துவச் செலவும், இறந்தால் அடக்கச் செலவும் கொடுத்த பரஸ்பர உதவிச் சங்கங்களின் வாரிசுகள் இவை. 1884இல் தொடங்கிய 'யங் மென் ஒலிம்பியன்' சங்கம் இன்றும் ஊர்வலம் போகிறது. உறுப்பினர் இறந்தால் பேண்டு வாத்தியத்தோடு அனுப்பிவைப்பது அந்தச் சங்கங்களின் கடமையாக இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை கொண்டாட்டமாகத் தெருவில் இறங்குவது உரிமையாக இருந்தது. அந்த இரண்டும் இல்லாமல் இத்தனை வாத்தியக்காரர்களுக்கு இத்தனை காலம் வேலை இருந்திருக்காது.

ஆண்டு ஊர்வலத்துக்காக உறுப்பினர்கள் மாதக்கணக்கில் பணம் சேர்க்கிறார்கள். ஒரே நிறத்தில் கோட்டு, அதற்கேற்ற காலணி, மார்பின் குறுக்கே பட்டை, கையில் இறகு விசிறி என்று கதவைத் திறந்து ஒவ்வொருவராக ஆடிக்கொண்டு வெளியே வரும் கணத்துக்காகத் தெரு முழுக்கக் காத்திருக்கும். ஊர்வலம் சுமார் 4 மணி நேரம் நீளும். வழியில் ஒரு மதுக்கடை முன்னாலும், இன்னொரு சங்கத்தார் வீட்டு முன்னாலும் நின்று இளைப்பாறிப் புறப்படும்.

அழைப்பு இல்லாமல் போகலாமா? எப்போது நடக்கும்?

தாராளமாகப் போகலாம். டிக்கெட் கிடையாது. ஆகஸ்டு இறுதியில் தொடங்கி ஜூன் மாதம் வரை, பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் நடக்கும். கோடை வெயில் கொளுத்தும் மாதங்களில் ஓய்வு. எந்தச் சங்கம், எந்தத் தெரு என்பதை உள்ளூர் சமூக வானொலியான டபிள்யூ.டபிள்யூ.ஓ.இசட். முன்கூட்டியே வெளியிடும்.

சில நடைமுறைகள் உண்டு. சங்கத்தாருக்கும் வாத்தியக்காரர்களுக்கும் நடுவே கயிறு பிடித்து ஒதுக்கிய இடத்துக்குள் நுழையாதீர்கள். டிராம்போன்காரர் முன்னால் நிற்கவேண்டாம். அவருடைய குழல் முன்னும் பின்னும் நீள இடம் வேண்டும். நடைபாதையில் நின்று படம் மட்டும் பிடித்துக்கொண்டிருப்பதைவிட, தெருவில் இறங்கி நடப்பதே மரியாதை. தாகத்துக்கு, கூடவே வரும் வண்டிக்காரரிடம் குளிர்பானம் வாங்குங்கள். அந்தப் பணமும் அதே பகுதியில்தான் புழங்கும்.

சவ ஊர்வலத்தில் ஜாஸ் வாசிப்பது உண்மையா? ஒரு மரணத்தில் எப்படி ஆட முடிகிறது?

தமிழ்நாட்டில் பறையடித்து, ஆடி, உயிர் பிரிந்தவரை அனுப்பிவைக்கும் ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது.

தேவாலயத்திலிருந்து புறப்படும்போது மிக மெதுவான பக்திப் பாடல்கள்தான். ஸ்னேர் என்ற சிறு டிரம்மின் அடிநரம்புகளுக்கு இடையில் கைக்குட்டையைச் செருகி, ஓசையை மழுக்கி வாசிப்பது பழைய வழக்கம். நடையும் அதற்கேற்பத் தயங்கித் தயங்கி இருக்கும். ஓர் இடத்தில் சவ வண்டியைப் போகவிட்டு எல்லோரும் விலகி நிற்பார்கள். உறவுகளை அறுத்து உடலை விடுவிக்கும் தருணம் அது. பிறகு கைக்குட்டையை உருவிவிட்டு டிரம்காரர் ஓர் உருட்டு உருட்டுவார், டிரம்பெட் குரலெடுக்கும், குடைகள் விரியும். துக்கத்தை மறைக்க ஆடுகிறார்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். துக்கத்தை முழுவதுமாக அனுபவித்து முடித்த பிறகுதான் அங்கே ஆட்டம் தொடங்குகிறது.

2012 ஜூலையில் ட்ரெமே பிராஸ் பேண்டின் பாஸ் டிரம் கலைஞர் 'அங்கிள்' லயனல் பட்டீஸ்ட் மறைந்தார். அஞ்சலி செலுத்தப் போனவர்கள் அவரைச் சவப்பெட்டியில் பார்க்கவில்லை. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அணிவித்து, கையில் கைத்தடியோடு, ஒரு விளக்குக் கம்பத்தில் சாய்ந்தபடி அவர் உடலை நிற்கவைத்திருந்தார்கள். பக்கத்தில் அவருடைய டிரம். உயிரோடு இருந்தபோது தெருமுனையில் எப்படி நின்றாரோ, அப்படியே.

இந்தக் குழுக்களில் என்னென்ன வாத்தியங்கள்? எதைக் கவனித்துக் கேட்க வேண்டும்?

டிரம்பெட், டிராம்போன், சாக்ஸபோன், சில குழுக்களில் கிளாரினெட். அடித்தளம் சூசாஃபோன். உடம்பைச் சுற்றி வளைத்து, தலைக்கு மேல் பெரிய வாய் விரியும் வாத்தியம் அது. தோளில் சுமந்துகொண்டு 4 மணி நேரம் நடப்பதற்கு நெஞ்சுரம் வேண்டும். டிரம் செட்டை இரண்டு பேர் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஒருவருக்கு ஸ்னேர், இன்னொருவருக்குப் பாஸ் டிரம். பாஸ் டிரம்காரரை அருகில் போய்ப் பாருங்கள். டிரம்மின் மேல் ஒரு தாளத்தட்டைப் பொருத்தியிருப்பார். ஒரு கை கனத்த கோலால் தோலை அறையும். இன்னொரு கையில் இருப்பது துணி மாட்டும் கம்பியை வளைத்தது, அல்லது ஒரு ஸ்குரூ டிரைவர். அதைக்கொண்டு தட்டை உரசியும் தட்டியும் எழுப்பும் அந்தக் கீச்சொலிதான் கால்களைத் தூக்கவைக்கிறது.

பழைய பாணியில் டிரம்பெட் மெட்டைச் சொல்லும். கிளாரினெட் அதன் மேலே கொடிபோலப் பின்னும். டிராம்போன் கீழிருந்து வழுக்கி வழுக்கி இரண்டையும் இணைக்கும். மூன்றும் ஒரே நேரத்தில் மனோதர்மமாக வாசிக்கும். ஒருவர் வாசிக்க மற்றவர் காத்திருக்கும் வழக்கம் பின்னால் வந்தது. முதலில் இரைச்சலாகத்தான் தோன்றும். மூன்றில் ஒன்றை மட்டும் காதால் பிடித்துக்கொண்டு பாடல் முழுக்கத் தொடருங்கள், பிடிபட்டுவிடும்.

பிரிசர்வேஷன் ஹால் சுற்றுலாப் பயணிகளுக்கான கடைதானே? போக வேண்டுமா?

போகவேண்டும். நகரின் பழைய பகுதியான பிரெஞ்சு குவார்ட்டரில், செயின்ட் பீட்டர் தெருவில் சுண்ணம் உதிர்ந்த சிறிய கூடம். 1961இல் ஆலன் ஜாஃபி, சாண்ட்ரா ஜாஃபி என்ற இளம் தம்பதியர் பொறுப்பேற்று நடத்தத் தொடங்கினார்கள். அப்போது அந்த ஊரின் மூத்த கலைஞர்கள் பலருக்கு வாசிக்க இடமே இல்லை. கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வாசிப்பதும், சேர்ந்து உட்கார்ந்து கேட்பதும் சட்டத்துக்குப் புறம்பாக இருந்த மாநிலத்தில் இந்தக் கூடம் எல்லோருக்கும் கதவைத் திறந்தது. அதே இனப்பாகுபாட்டுச் சட்டத்தின் காரணமாக, ஊரின் தலைமகன் லூயி ஆம்ஸ்ட்ராங் தம் கலப்புக் குழுவோடு சொந்த ஊரில் வாசிக்க முடியாமல் ஆண்டுக்கணக்கில் விலகியிருந்து 1965இல்தான் திரும்பினார் என்பதை நினைத்துப் பார்த்தால், ஜாஃபி தம்பதியர் செய்ததன் எடை புரியும்.

மது கிடையாது, ஒலிபெருக்கி கிடையாது. சில பெஞ்சுகள், தரையில் மெத்தைகள், மற்றவர்கள் நிற்கவேண்டும். பியானோ வாசித்த 'ஸ்வீட் எம்மா' பாரெட் 1967இல் பக்கவாதத்தால் இடது பக்கம் செயலிழந்த பிறகும், வலது கையால் மட்டும் தொடர்ந்து வாசித்தார். நிகழ்ச்சி ஏறக்குறைய 45 நிமிடம். டிக்கெட்டை முன்பதிவு செய்துவிடுவது நல்லது.

போர்பன் தெரு?

மதுக்கடைகளும் சுற்றுலாக் கூட்டமும் நிறைந்த தெரு அது. ஒருமுறை நடந்து பாருங்கள். பிறகு கிழக்கே ஃபிரெஞ்ச்மென் தெருவுக்கு நடந்துவிடுங்கள். உள்ளூர்க் கலைஞர்கள் இரவுதோறும் வாசிக்கும் சிறு அரங்குகள் அங்கே அடுத்தடுத்து இருக்கின்றன. ஸ்னக் ஹார்பர் என்ற அரங்கில் பியானோ மேதை எல்லிஸ் மார்சாலிஸ் பல பத்தாண்டுகள் வெள்ளிக்கிழமைதோறும் வாசித்தார்.

பிள்ளைகள் இதை எங்கே கற்றுக்கொள்கிறார்கள்?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1970 வாக்கில் தெரு பேண்டு வாசிப்பு முதியவர்களோடு முடிந்துவிடும் என்றே பலரும் நினைத்தார்கள். அப்போது பேஞ்சோ, கிட்டார் கலைஞர் டேனி பார்க்கர் ஃபேர்வியூ பாப்டிஸ்ட் தேவாலயத்தின் ஆதரவோடு சிறுவர்களைக் கூட்டி ஒரு பேண்டு அமைத்தார். நியூயார்க்கில் பெரிய குழுக்களோடு வாசித்துப் பேர் வாங்கிவிட்டு ஊர் திரும்பியவர் அவர். டிரம்பெட் வாசித்த லெராய் ஜோன்ஸ் அந்தச் சிறுவர்களில் ஒருவர். அந்தக் குழு சில ஆண்டுகளே நீடித்தது. ஆனால் அங்கிருந்து கிளைத்தவர்கள் ஊரையே நிரப்பினார்கள். 1977இல் டர்ட்டி டஜன் பிராஸ் பேண்ட் வந்தது. பழைய நடைக்குள் பீபாப் என்ற வேகமான நவீன ஜாஸையும், ஃபங்க் என்ற துள்ளல் தாள இசையையும் கொண்டுவந்தது. 1983இல் ட்ரெமேயின் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ரீபர்த் பிராஸ் பேண்டைத் தொடங்கினார்கள். கெர்மிட் ரஃபின்ஸும் ஃபிரேசியர் சகோதரர்களும் அதில் இருந்தார்கள். 2012இல் அந்தக் குழு கிராமி விருது பெற்றது. இன்று தெருவில் வாசிக்கும் இளைஞர் எவரைக் கேட்டாலும், இந்த இரண்டில் ஒன்றின் பாடலை வாசித்துத்தான் கைப்பழக்கம் பெற்றிருப்பார்.

பள்ளி பேண்டுகள் இன்னொரு வழி. செயின்ட் அகஸ்டின் உயர்நிலைப் பள்ளியின் 'மார்ச்சிங் 100' பெயரைச் சொன்னாலே ஊர் நிமிர்ந்து உட்காரும். 1973இல் தொடங்கிய நோக்கா என்ற அரசுக் கலைப்பள்ளியில் எல்லிஸ் மார்சாலிஸ் ஆசிரியராக இருந்தார். அவர் பிள்ளைகள் விண்டன், பிரான்ஃபர்ட் மட்டுமல்ல, ஹாரி கானிக் ஜூனியர், டெரன்ஸ் பிளான்சர்ட் என்று அவரிடம் கற்றவர்கள் உலகமெங்கும் பேரெடுத்தார்கள்.

ரீபர்த் குழுவின் ஸ்னேர் கலைஞர் டெரிக் டாப் 2007இல் 'ரூட்ஸ் ஆஃப் மியூசிக்' திட்டத்தைத் தொடங்கினார். 2005இன் கத்ரீனா புயலுக்குப் பிறகு பள்ளிகளில் இசை வகுப்புகள் காணாமல்போன காலம் அது. பள்ளி விட்ட பிறகு பிள்ளைகளுக்கு வாத்தியம், பயிற்சி, பாடத்துக்குத் துணை, சூடான சாப்பாடு, வீடு சேர பஸ் எல்லாம் இலவசம். வாத்தியத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போனால் பிள்ளை மறுநாள் வராது என்று தெரிந்தவர் வகுத்த திட்டம் இது.

இவை எல்லாவற்றுக்கும் வெளியே, தெரு என்ற பள்ளிக்கூடம் எப்போதும் இருக்கிறது. ட்ராய் ஆண்ட்ரூஸ் தன்னைவிட நீளமான டிராம்போனைத் தூக்கிக்கொண்டு சின்னஞ்சிறு வயதிலேயே ஊர்வலங்களில் நடந்தவர். 'ட்ராம்போன் ஷார்ட்டி' என்ற பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

பெண்கள் வாசிக்கிறார்களா?

பியானோவிலும் பாட்டிலும் தொடக்கத்திலிருந்தே உண்டு. தெரு பேண்டு நெடுங்காலம் ஆண்களின் கோட்டையாக இருந்தது. 1991இல் ஒரு பெண்கள் பள்ளியின் மாணவிகளோடு தொடங்கிய 'பினெட்ஸ்' குழு முழுக்கப் பெண்களால் ஆனது. 2013இல் நடந்த பேண்டுப் போட்டி ஒன்றில் ஆண்கள் குழுக்களை வென்று பட்டம் பெற்றது. சங்கங்களில் 'லேடி பக்ஜம்பர்ஸ்' ஆட்டத்தைப் பார்க்கத் தனிக் கூட்டமே வரும்.

கத்ரீனா புயலுக்குப் பிறகு என்ன ஆயிற்று?

2005 ஆகஸ்டு 29. வெள்ளத்தடுப்புக் கரைகள் உடைந்து நகரத்தின் 80 சதவீதம் நீரில் மூழ்கியது. கலைஞர்கள் ஹூஸ்டன், அட்லாண்டா என்று சிதறினார்கள். வாத்தியம் போனது பெரிதல்ல. அக்கம்பக்கம் போனதுதான் பெரிது. ஒரு குழுவின் 8 பேர் 5 ஊர்களில் இருந்தால் ஊர்வலம் எப்படி நடக்கும்? வாரயிறுதிகளில் நெடுந்தூரம் காரோட்டி வந்து, ஞாயிறு வாசித்துவிட்டுத் திரும்பிப் போனவர்கள் பலர்.

ஹாரி கானிக் ஜூனியரும் பிரான்ஃபர்ட் மார்சாலிஸும் வீடு கட்ட உதவும் 'ஹாபிடாட் ஃபார் ஹ்யூமானிட்டி' அமைப்போடு சேர்ந்து அப்பர் நைன்த் வார்டில் 'மியூசிஷியன்ஸ் வில்லேஜ்' எழுப்பினார்கள். 72 தனி வீடுகள். தானமாகத் தரவில்லை, கட்டுமானத்தில் உழைப்பைப் போட்டு, வட்டியில்லாத் தவணை கட்டிச் சொந்தமாக்கிக்கொள்ளும் முறை. நடுவில் எல்லிஸ் மார்சாலிஸ் பெயரில் இசை மையம் 2011இல் திறக்கப்பட்டது. 2020 ஏப்ரல் 1 அன்று கொரோனா அவரைக் கொண்டுபோனது. கூட்டம் கூடத் தடை இருந்ததால், ஊரே திரண்டு வந்திருக்கவேண்டிய ஊர்வலம் அன்று நடக்கவில்லை.

இலவசக் கச்சேரிகள், விழாக்கள் எவை?

ஏப்ரலில் நடக்கும் பிரெஞ்சு குவார்ட்டர் விழா முழுக்க இலவசம், 1984இல் தொடங்கியது, மேடையேறுகிறவர்களில் பெரும்பாலோர் உள்ளூர்க்காரர்கள். ஒரே ஒருமுறைதான் போக முடியும் என்றால் இதற்கே போகச் சொல்வேன். ஆகஸ்டில் ஆம்ஸ்ட்ராங் பிறந்தநாளையொட்டி 'சாட்ச்மோ சம்மர்ஃபெஸ்ட்' (சாட்ச்மோ அவருடைய பட்டப்பெயர்). வசந்தகாலப் புதன்கிழமை மாலைகளில் லஃபாயெட் சதுக்கத்தில் திறந்தவெளிக் கச்சேரிகள்.

புகழ்பெற்ற ஜாஸ் அண்ட் ஹெரிட்டேஜ் விழாவுக்கு டிக்கெட் உண்டு, மலிவும் அல்ல. 1970இல் காங்கோ சதுக்கத்தில் முதல் விழா நடந்தபோது தேவாலயப் பாடகி மஹாலியா ஜாக்சனும் ஜாஸ் மேதை டியூக் எலிங்டனும் வந்திருந்தார்கள். கேட்க வந்தவர்கள் சுமார் 350 பேர்தான், வாசிக்க வந்தவர்களில் பாதி! இன்று லட்சக்கணக்கில் வருகிறார்கள். பெரிய பாப் நட்சத்திரங்களின் மேடைகளை விட்டு விலகி, உள்ளூர் பேண்டுகளுக்கும் தேவாலயப் பாடகர்களுக்கும் ஒதுக்கிய கூடாரங்களில் நாளைக் கழியுங்கள். விழாவின் வருமானம் லாபநோக்கற்ற அறக்கட்டளைக்குப் போகிறது. அதைக்கொண்டு பிள்ளைகளுக்கு இலவச இசைப்பள்ளியும், ஆண்டு முழுக்கச் சில இலவச விழாக்களும் நடக்கின்றன.

கலைஞர்களுக்கு வருமானம் போதுமானதாக இருக்கிறதா?

பெரும்பாலோருக்கு இல்லை. நுழைவுக் கட்டணம் இல்லாத அரங்குகளில் கலைஞருக்குக் கிடைப்பது மதுக்கடை விற்பனையில் ஒரு பங்கும், சுற்றிவரும் வாளியில் விழும் பணமும்தான். ஆகவே வாளி வரும்போது பார்வையைத் திருப்பாதீர்கள். இரண்டு பாடல் கேட்டிருந்தாலும் ஆளுக்கு 10 டாலராவது போடுங்கள். குறுந்தகட்டையும் அவர்கள் கையிலிருந்தே வாங்குங்கள். காப்பீடு இல்லாத கலைஞர்களுக்காக 1998 முதல் 'நியூ ஆர்லியன்ஸ் மியூசிஷியன்ஸ் கிளினிக்' இயங்குகிறது. அதற்கு நன்கொடையும் அனுப்பலாம்.

நகர நிர்வாகம் இந்த இசையைப் பாதுகாக்கிறதா?

விளம்பரப் படங்களில் பாதுகாக்கிறது. தெருவில் அப்படிச் சொல்ல முடியவில்லை. 1960களில் ட்ரெமேயின் முதுகெலும்பான கிளைபோர்ன் அவென்யூவின் கருவாலி மரங்களை வெட்டிவிட்டு, மேலே நெடுஞ்சாலைப் பாலம் கட்டினார்கள். கடைகளும் நிழலும் போயின. இன்று ஊர்வலங்கள் அந்தப் பாலத்துக்கு அடியிலேயே நின்று, கான்கிரீட்டில் மோதி எதிரொலிக்க முழுமூச்சாக வாசிக்கின்றன. புயலுக்குப் பிறகு ஊர்வல அனுமதிக் கட்டணத்தை நகரம் பன்மடங்கு உயர்த்தியது. சங்கங்கள் நீதிமன்றம் போய்க் குறைக்கவைத்தன. 2007 அக்டோபரில் ட்ரெமேயில் மறைந்த சூசாஃபோன் கலைஞர் ஒருவருக்காக வாசித்த ஊர்வலத்தைப் போலீசார் தடுத்து, இரண்டு கலைஞர்களைக் கைது செய்தார்கள். மறுநாள் மாலை மக்கள் மீண்டும் கூடி அதே தெருவில் வாசித்தார்கள்.

இப்போதைய நெருக்கடி வாடகை. சுற்றுலாப் பயணிகளுக்குக் குறுகிய காலத்துக்கு விடும் வீடுகள் பெருகியதால், ட்ரெமேயின் இசையைத் தந்த குடும்பங்களே அங்கே குடியிருக்க முடியாமல் வெளியேறுகின்றன. பயணம் போகிறவர்கள் அப்படிப்பட்ட வீடுகளைத் தவிர்த்து ஓட்டலில் தங்குவது நல்லது.

நேரில் போக வசதியில்லை. இங்கிருந்தே கேட்க வழி உண்டா?

1980 முதல் 90.7 எஃப்.எம். அலைவரிசையில் ஒலிக்கும் டபிள்யூ.டபிள்யூ.ஓ.இசட். வானொலியை இணையத்தில் இலவசமாகக் கேட்கலாம். நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் ஊதியம் வாங்காத தன்னார்வலர்கள். தங்கள் வீட்டு இசைத்தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்து போடுகிறவர்கள். அன்றிரவு எந்த அரங்கில் யார் வாசிக்கிறார்கள் என்று நடுநடுவே அறிவிப்பார்கள். நேர வித்தியாசத்தைக் கவனத்தில் வையுங்கள். அங்கே சனிக்கிழமை இரவு பத்து மணி என்றால், இந்தியாவில் ஞாயிறு காலை எட்டரை அல்லது ஒன்பதரை. காலைக் காப்பியோடு கேட்கத் தோதான நேரம். பழையதிலிருந்து தொடங்க விரும்பினால் கிங் ஆலிவர் குழுவின் 1923ஆம் ஆண்டுப் பதிவுகள். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஆம்ஸ்ட்ராங் இரண்டாவது கார்னெட்டாக அதில் வாசிக்கிறார். புதியதிலிருந்து என்றால் ரீபர்த். ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, அறை அதிரும்படி ஒலிபெருக்கியில் போடுங்கள்.